இன்ஜெக்‌ஷன் காரில் பெட்ரோல் அழுத்தம் குறைந்தால்

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் காரில் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று முடிவு செய்வது இ.சி.எம். எனப்படும் சிறிய கம்ப்யூட்டர். அது பெட்ரோலை அளந்து ஊற்றுவதில்லை. இன்ஜெக்டரின் வாயை எத்தனை மில்லி விநாடி திறந்து வைக்க வேண்டும் என்று மட்டும் கணக்கிடுகிறது. ஐடிலிங்கில் 2 அல்லது 3 மில்லி விநாடி. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் 10-க்கும் மேல். அந்த நேரத்துக்குள் உள்ளே போகும் பெட்ரோலின் அளவு, இன்ஜெக்டருக்குப் பின்னால் நிற்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் இந்த அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. உண்மையில் அது குறைந்திருந்தால் வண்டி திணறும். ஆனால் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் 'அழுத்தம் குறைவு' என்று எங்கும் வராது. ஆக்சிஜன் சென்சார், பிளக், காயில் என்று நல்ல பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைத் தொலைப்பது இதனால்தான்.

அழுத்தம் பாதியானால் பெட்ரோலும் பாதியாகிவிடுவதில்லை. அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடிதான் அது குறையும். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2 பார் இருந்தால் பெட்ரோல் சுமார் 18 சதவீதம் குறையும், 1.5 பாருக்கு இறங்கினால் சுமார் 29 சதவீதம். அளவோடு தரமும் கெடும். மெல்லிய புகைபோல் பரவ வேண்டிய பெட்ரோல் பெரிய துளிகளாக விழும். துளி பெரிதானால் சரியாக எரியாது. வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டிக்கொடுத்துச் சமாளிக்கும். அந்தச் சமாளிப்புக்கும் 20, 25 சதவீதம் போல ஓர் எல்லை உண்டு. மேலும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பல கார்களில் சென்சாரின் சொல்லைக் கம்ப்யூட்டர் கேட்பதே இல்லை. அழுத்தக் குறைவு முதலில் மேட்டிலும் ஓவர்டேக்கிலும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்பரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் 0.2, 0.3 பார் அழுத்தத்தில் கார்பரேட்டரின் கிண்ணத்தை நிரப்பிக்கொடுத்தால் போதும். மீதியைக் காற்றின் உறிஞ்சல் பார்த்துக்கொண்டது. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்த போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் முதல், மின்சார பம்ப், அழுத்த ரெகுலேட்டர், மின் இன்ஜெக்டர் என்ற அமைப்பு பரவியது. இந்தியாவில் அது பரவலானது 1990-களின் கடைசியில். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ 1998-இல் எம்.பி.எஃப்.ஐ. என்ற இன்ஜெக்‌ஷன் இன்ஜினோடுதான் விற்பனைக்கு வந்தது. 2000 ஏப்ரலில் டெல்லி வட்டாரத்தில் பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமாகி, 2001-இல் சென்னைக்கும் மற்ற பெருநகரங்களுக்கும் வந்தபோது கார்பரேட்டர் கார்களின் காலம் முடிந்தது. மாருதி 800 கூட இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. அந்தத் தலைமுறைக் கார்கள் இன்றும் ஊர்ப்புறங்களில் நிறைய ஓடுகின்றன. அவற்றின் பம்ப், ஒயர், ரப்பர் ஓஸ் எல்லாவற்றுக்கும் இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

பெட்ரோல் போகும் பாதை எளிமையானது. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் மின்சார பம்ப், அடியில் உள்ள வலை ஃபில்டர் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. பம்பின் வாயில் ஒரு செக் வால்வு உண்டு. இன்ஜினை அணைத்த பிறகும் பைப்பில் இருக்கும் பெட்ரோல் பின்னால் வடிந்துவிடாமல் அது பிடித்துவைக்கும். அடுத்து பிரதான ஃபில்டர். அதைத் தாண்டி, இன்ஜெக்டர்கள் வரிசையாகச் செருகியிருக்கும் ஃப்யூயல் ரெயில். ரெயிலின் முனையில் ரெகுலேட்டர். தேவைக்கு மேல் வரும் பெட்ரோலை ரிட்டர்ன் பைப் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. ரெகுலேட்டரின் தலையிலிருந்து ஒரு மெல்லிய வாக்யூம் ஓஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் அதிகம். அந்த உறிஞ்சல் இன்ஜெக்டரின் நுனியிலிருந்தும் பெட்ரோலை இழுக்கும் என்பதால், அந்நேரத்தில் ரெயில் அழுத்தத்தை ரெகுலேட்டர் அரை பார் குறைத்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்து உறிஞ்சல் போனதும் அழுத்தத்தை ஏற்றிவிடும். இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கே இந்த ஏற்பாடு. சற்றுப் பிந்தைய கார்களில் ரிட்டர்ன் பைப் இல்லாமல், ரெகுலேட்டரையும் டேங்குக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அவற்றில் அழுத்தம் 3.5 முதல் 4 பார் வரை மாறாமல் நிற்கும். ரிட்டர்ன் உள்ள பழைய கார்களில் பெரும்பாலும் 2.5 முதல் 3 பார். ஒர்க்‌ஷாப் கேஜ்கள் பலவும் பி.எஸ்.ஐ. கணக்கில் இருக்கும், ஒரு பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. குறிப்பிட்ட மாடலுக்கு எவ்வளவு என்பதை அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். வேறொரு காரின் கணக்கை இதற்கு வைத்து முடிவு சொல்வது ஆபத்து.

அறிகுறிகள் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் செல்ஃப் நீண்ட நேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆவது ஒரு வகை. ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு, நெடுஞ்சாலையில் எண்பதைத் தாண்டும்போது பிக்கப் இல்லாமல் பின்னால் இழுப்பதுபோல் இருப்பது இன்னொரு வகை. ஏற்காடு, கொடைக்கானல் மலைப்பாதைகளில் இரண்டாம் கியரிலும் ஜெர்க் அடிக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் ஓடி நிறுத்திய வண்டி பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆக மறுப்பதும் இதனோடு சேர்ந்ததே. சூடான இன்ஜினின் மேல் ரெயிலில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகாமல் இருக்க அழுத்தம் வேண்டும். அது வடிந்துவிட்டால் பைப்பில் பெட்ரோலுக்குப் பதில் ஆவிதான் நிற்கும்.

காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதிக்கும் வண்டிக்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பினால் பம்ப் இரண்டு விநாடி போல ஓடி நிற்கும். பின் சீட் பக்கத்திலிருந்து 'உய்ங்' என்ற மெல்லிய ஒலி கேட்கும். செல்ஃப் அடிக்காமல் இப்படி மூன்று முறை ஆன் செய்து ஆஃப் செய்துவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். உடனே பிடித்துக்கொண்டால், இரவில் அழுத்தம் வடிந்துவிடுகிறது என்று பொருள். ஒலியே கேட்கவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, ஒயர், பம்ப் இவற்றில் ஒன்று செத்திருக்கிறது. ஒலி கேட்பதால் மட்டும் பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. சுற்றுவது வேறு, 3 பார் அழுத்தத்தில் போதிய அளவு பெட்ரோலைத் தள்ளுவது வேறு.

ஸ்கேனர் ஏற்கும் கார்களில் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைப் பார்ப்பது பயன் தரும். கம்ப்யூட்டர் தன் கணக்கின் மேல் எத்தனை சதவீதம் கூட்டிக்கொடுக்கிறது என்பதை அது காட்டும். இன்டேக்கில் எங்கோ காற்று கசிந்தால், இந்த எண் ஐடிலிங்கில் பெரிதாக இருந்து, ஆர்.பி.எம். ஏற ஏறக் குறையும். பெட்ரோல் போதவில்லையென்றால் நேர்மாறாக, வேலை கூடக் கூட எண்ணும் ஏறும். இரண்டுக்கும் ஸ்கேனரில் வரும் எரர் கோடு பி0171 என்ற ஒன்றே. எரர் கோடை மட்டும் படித்துவிட்டு ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, உண்மையைச் சொன்னவனைத் தண்டிப்பதில்தான் முடியும்.

இவை எல்லாம் சந்தேகத்தைக் கூட்டும் குறிப்புகள் மட்டுமே. தீர்ப்பு பிரஷர் கேஜிடம்தான் இருக்கிறது. பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேஜை மாட்டிப் பார்க்காத ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

கேஜை மாட்டுவதற்கு முன் பைப்பில் உள்ள அழுத்தத்தை இறக்க வேண்டும். மூன்று பாரில் நிற்கும் பைப்பைச் சட்டென்று அவிழ்த்தால் பெட்ரோல் கண்ணிலும் சூடான சைலன்சரிலும் பீய்ச்சியடிக்கும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பம்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், ரெயிலில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நின்றுபோகும். அதன் பிறகும் ஓரிரு விநாடி செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்தபடி மெதுவாக அவிழ்க்க வேண்டும். காற்றோட்டமான திறந்த இடமாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து பள்ளத்தில் தேங்கும். சர்வீஸ் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு இந்த வேலையைச் செய்வது உயிரோடு விளையாடுவது. தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒளிக்கு எல்.இ.டி. டார்ச் போதும், ஒயரில் தொங்கும் பழைய குண்டு பல்பு விழுந்து உடைந்தால் அதுவே தீக்குச்சி.

அமெரிக்கக் கார்கள் பலவற்றில் ரெயிலிலேயே டயர் வால்வு போன்ற ஒரு முனை இருக்கும். கேஜை நேராகத் திருகலாம். இந்தியாவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலும் அது இருக்காது. ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவே பைப்பைக் கழற்றி, டி வடிவ இணைப்பில் கேஜைச் சேர்க்க வேண்டும். இணைத்ததும் பிடுங்கிய ஃப்யூஸையோ ரிலேயையோ திரும்பப் போட்டு, பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் கண்ணால் பார்த்துக் கசிவில்லை என்று உறுதி செய்த பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

3 பார் ரெகுலேட்டர் உள்ள ஒரு காரை எடுத்துக்கொண்டால், சாவியை ஆன் செய்ததும் முள் 3-க்கு அருகே ஏற வேண்டும். ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டால் 2.5-க்கு இறங்க வேண்டும். ரெகுலேட்டரின் வாக்யூம் ஓஸைப் பிடுங்கினால் மறுபடி 3-க்குத் தாவ வேண்டும். அப்படிப் பிடுங்கும்போது ஓஸின் உள்ளே ஈரமோ பெட்ரோல் வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. வேறு சோதனை தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான். அடுத்ததாக, கேஜைக் கண்ணாடிக்கு வெளியே வைப்பர் பக்கத்தில் கட்டிவைத்து ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேஜை எக்காரணம் கொண்டும் காருக்குள் கொண்டுவரக் கூடாது. மூன்றாம் கியரில் முழுக்க மிதிக்கும்போது முள் 3-இலேயே நிற்க வேண்டும். ஐடிலிங்கில் சரியாக இருந்துவிட்டு இங்கே 2-க்குச் சரிந்தால், அழுத்தம் இருக்கிறது, அளவு போதவில்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பைப்பில் அடைப்பு இருக்கும் வீட்டில் ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகவே வரும், இரண்டு குழாயைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். அதே கதைதான் இதுவும். நின்ற இடத்தில் மட்டும் அளந்துவிட்டு 'பிரஷர் ஓகே' என்று அனுப்பிய வண்டிகள் மறுநாளே திரும்பி வருவது இதனால்தான்.

அளவைத் தனியாகவும் பார்க்கலாம். ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட கேனில் விட்டு, பம்பை 30 விநாடி ஓடவிட்டால் சிறிய காரிலும் அரை லிட்டருக்குக் குறையாமல் விழ வேண்டும். கடைசியாக, இன்ஜினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் கேஜைக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் இறங்குவது இயல்பு. கண் முன்னால் சுழியத்துக்குப் போனால் செக் வால்வோ, ரெகுலேட்டரோ, வாய் மூடாத ஓர் இன்ஜெக்டரோ கசிகிறது. கசியும் இன்ஜெக்டர் உள்ள சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து, பெட்ரோல் வாடை அடிக்கும்.

அழுத்தம் குறைவு என்று உறுதியானதும், பம்பையா ரெகுலேட்டரையா பழிப்பது என்ற கேள்வி வரும். ரிட்டர்ன் ஓஸ் ரப்பராக இருந்து நல்ல நிலையிலும் இருந்தால், பம்ப் ஓடும்போது அதை ஒரு கணம் மெதுவாக அழுத்திப் பிடிக்கலாம். முள் சட்டென்று 5 பாரைத் தாண்டி ஏறினால் பம்புக்குத் தெம்பு இருக்கிறது. ரெகுலேட்டர்தான் பெட்ரோலை வீணாகத் திருப்பி அனுப்புகிறது. முள் அசையாவிட்டால் தொல்லை பின்னால், டேங்க் பக்கத்தில். இருபது வயதான, விறைத்துப்போன ஓஸில் இதைச் செய்யக் கூடாது. அழுத்திய இடத்திலேயே வெடிக்கும். சிலர் ரெகுலேட்டரின் தகரத் தலையை வைஸில் வைத்து நசுக்கி அழுத்தத்தை ஏற்றுவார்கள். ஸ்பிரிங் இறுகி முள் ஏறத்தான் செய்யும்; ஆனால் பம்ப் பக்கம் உள்ள நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் சில வாரங்களுக்கு மறையும்.

டேங்க் பக்கம் என்றவுடன் பம்பை மாற்றிவிடுவதுதான் வழக்கம். அதற்கு முன் பார்க்க வேண்டியது மின்சாரம். பம்ப் ஒரு மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் அழுத்தமும் அளவும் விழும். இங்கே மிகப் பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. பம்பின் கப்ளரைக் கழற்றி, அதில் மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் வருகிறது என்று திருப்திப்படுவார்கள். கப்ளரைக் கழற்றினால் கரன்ட் ஓடாது. கரன்ட் ஓடாத ஒயரில் எவ்வளவு துரு இருந்தாலும் வோல்டேஜ் குறையாது. கப்ளர் மாட்டியிருக்க, பம்ப் ஓடிக்கொண்டிருக்க, பின்பக்கத்திலிருந்து மீட்டரின் ஊசியைச் செருகித்தான் அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதற்கும் பம்பில் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பாசிட்டிவ் பக்கத்தில் அரை வோல்ட், எர்த் பக்கத்தில் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பில் 11.2 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், வழியில் தொலைந்தது 2.6 வோல்ட். பம்ப் 5 ஆம்பியர் எடுக்கிறது என்றால், தொலைந்த இடத்தில் 13 வாட் வெப்பம் உண்டாகிறது. அந்த இடத்தைத் தேடவே வேண்டாம், அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வெள்ளைக் கப்ளரில் ஒரு கால் மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகி உருமாறியிருக்கும். அதில் நுழையும் ஒயரின் மேல்தோல் இரண்டு அங்குலத்துக்கு விறைத்து, வளைத்தால் நொறுங்கும். உள்ளே இருக்கும் பித்தளை டெர்மினல் பிடிப்பு விட்டுத் தொளதொளவென்று இருக்கும். புது பம்பை வாங்கி அதே கப்ளரில் மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழைய கதை. பம்பின் எர்த் ஒயர் பாடியில் போல்ட் போட்ட இடமும் அப்படியே. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்று இந்த இடத்தைச் சீக்கிரம் அரிக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்களில் சீட்டுக்கு அடியில் உள்ள கப்ளர்களைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். பச்சைப் பூஞ்சைபோல் படிந்திருப்பது தாமிரத் துரு. ரிலேயின் கருகிய கான்டாக்ட், தளர்ந்த ஃப்யூஸ் கால் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். சில டொயோட்டா கார்களில் ஐடிலிங்கில் பம்பை மெதுவாக ஓட்டுவதற்கென்றே வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டர் உண்டு என்பதை அறியாமல் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்தது ஃபில்டர். பல கார்களில் அது அடிப்பக்கத்திலோ இன்ஜின் அறையிலோ வெளியே இருக்கும். கழற்றி மாற்றுவது சிறிய வேலை. உடலில் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கியெறிவதற்கு முன், பெட்ரோல் நுழையும் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, உள்ளே இருப்பதை வெள்ளைத் துணியில் வடியவிட வேண்டும். தெளிவான பெட்ரோல் வந்தால் நல்லது. காப்பிப் பொடி நிறத்தில் வந்தால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. வேலை ஃபில்டரோடு முடியப்போவதில்லை. பளபளக்கும் மெல்லிய உலோகத் தூள் வந்தால் பம்ப் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது.

பம்பைப் பார்க்க, பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் அடியில் ஒரு மூடி இருக்கும். இல்லாத கார்களில் டேங்கையே இறக்க வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள புழுதியைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யாமல் திறந்தால் அத்தனையும் டேங்குக்குள் விழும். பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டினால் தீப்பொறி வரும். பித்தளைத் துண்டோ மரக்கட்டையோ வைத்துத் தட்ட வேண்டும். பம்ப் வெளியே வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அடியில் உள்ள வலை. புதிதில் வெண்மையாக, மென்மையாக இருக்கும் அது, நெடுநாள் நிறுத்திவைத்த வண்டிகளில் பிசின் படிந்து தோல்போல் விறைத்திருக்கும். 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற பழைய கார்கள் பலவற்றுக்கு இந்த நிலை வந்தது. பழைய பெட்ரோலுக்கு வார்னிஷ் போன்ற ஒரு புளித்த வாடை உண்டு. டேங்கைக் கழுவாமல் வலையை மட்டும் மாற்றுவது பயனில்லை.

பம்பின் வாயிலிருந்து டேங்க் மூடி வரை போகும் இரண்டு மூன்று அங்குல ரப்பர் ஓஸ் அடுத்தது. இதில் ஒரு வெடிப்பு இருந்தால், பம்ப் முழு வேகத்தில் சுற்றும், ஒலி நன்றாக இருக்கும், வோல்டேஜும் இருக்கும்; பாதிப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருக்கும். ஓஸை வளைத்து, வெளிச்சத்தில் பார்த்தால்தான் கோடு தெரியும். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் இந்தத் துண்டுக்காக நல்ல பம்புகள் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கின்றன. மாற்றும்போது, பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஓஸை வாங்க வேண்டும். சாதாரண பெட்ரோல் ஓஸின் உட்பக்கம் மட்டுமே பெட்ரோலைத் தாங்கும். வெளிப்பக்கம் ஊறி உப்பிப் பிய்ந்துவிடும். வண்டிக்கு அடியில் உள்ள ஓஸ்களுக்கும் எஸ்.ஏ.இ. ஜே30ஆர்9 என்று அச்சிட்ட இன்ஜெக்‌ஷன் ஓஸ்தான் வேண்டும். கார்பரேட்டர் வண்டிக்கான ஓஸ் 3 பாரைத் தாங்கும் என்று நம்பக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் அழுத்தம் இல்லையென்றால் பம்ப்தான் தேய்ந்துவிட்டது. அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது, அதுவே மசகும் ஆகிறது. எப்போதும் ரிசர்வ் விளக்கு எரியும் அளவிலேயே ஓட்டுவது பம்பின் ஆயுளைக் குறைக்கும். கால் டேங்குக்குக் குறையாமல் வைத்திருப்பது நல்ல பழக்கம். எல்.பி.ஜி., சி.என்.ஜி. மாற்றிய கார்களில் பெட்ரோல் டேங்கை ஏறக்குறையக் காலியாக விட்டுவிடுவார்கள். கேஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றும்படி கிட் பொருத்தியிருந்தால் அது வறண்டு சுற்றிக் கருகும். புது பம்ப் வாங்கும்போது விலையைவிட முக்கியம் அது கொடுக்கும் அழுத்தமும் அளவும் அந்தக் காருக்குரியதா என்பது. வடிவம் பொருந்துவதால் மட்டும் ஒன்றை மாட்டக் கூடாது. ஒரிஜினல் பெட்டியைப் பார்த்துச் செய்த டூப்ளிகேட்டுகள் சந்தையில் உண்டு. ரசீது தரும் நம்பகமான கடையில் வாங்குவதே பாதுகாப்பு. மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும். பெட்ரோலில் உப்பிய பழைய வளையம் அதன் பள்ளத்தில் மறுபடி உட்காராது.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலும் இதில் கணக்கில் வருகிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், ஒரே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஒரு பங்கு சாதாரண பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. அதாவது இன்ஜின் கேட்கும் எரிபொருள் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. நல்ல பம்புக்கு இது ஒரு பொருட்டல்ல. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பம்ப், நேற்றுவரை ஏறிய மேட்டில் இன்று திணறும். டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். இருபது வருடக் காரில் ஃபில்டரை மேனுவல் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுவது நியாயமான செலவு.

வேலை முடிந்ததும் கேஜைக் கழற்றுவதற்கு முன் அதே அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும்: சாவி ஆன், ஐடிலிங், வாக்யூம் ஓஸ் பிடுங்கிய நிலை, ரோட்டில் முழு மிதி, அணைத்துவிட்டு இருபது நிமிடம். எண்களைச் சர்வீஸ் ஏட்டில் தேதியோடு குறித்துவைத்தால் அடுத்த முறை ஒப்பிட ஒன்று இருக்கும். அழுத்தக் குறைவைச் சமாளிக்கக் கம்ப்யூட்டர் பழகிவைத்திருந்த கூடுதல் அளவு அதன் நினைவில் இன்னும் இருக்கும்; அழுத்தம் சரியானதும் அதுவே அதிகமாகி, முதல் நாளில் வண்டி கறுப்புப் புகை விடலாம். ஸ்கேனரால் அந்த நினைவை அழிக்கலாம். பல பழைய கார்களில் பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றிவைத்தாலே போதும். சில கிலோமீட்டர் ஓடிய பிறகு ஐடிலிங் தானாகச் சீராகும். அழுத்தம் எல்லா நிலையிலும் சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லையென்றால், பெட்ரோல் பாதையில் மிச்சம் இருப்பது அடைபட்ட இன்ஜெக்டர்கள் மட்டும்தான். அவற்றை மெஷினில் வைத்து ஒவ்வொன்றும் எவ்வளவு விடுகிறது என்று அளக்க வேண்டும். அதுவும் சரியென்றால் காற்றுப் பக்கத்தையும், அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் பார்க்க வேண்டும்.